ஆல்பிரசோலமா குளோனசெபமா: எட்டு வருஷம் போட்டுட்டு மாத்தினவளோட கணக்கு

ரெண்டும் பதட்டத்துக்குக் குடுக்கற மாத்திரை. மொதல்லயே சொல்லிடறேன், நான் குளோனசெபம் கட்சி. டாக்டர் இல்ல, கிண்டியில ஒரு கம்பெனியில அக்கவுன்ட்ஸ் பாக்கறேன். 2015 டிசம்பர் வெள்ளத்துல வேளச்சேரி வீட்டு மாடியில ரெண்டு நாள் மாட்டிக்கிட்டோம், அதுக்கப்புறம் மழைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், பக்கத்துத் தெரு கிளினிக்ல ஆல்பிரசோலம் 0.25 மி.கி. எழுதிக் குடுத்து "ராத்திரி ஒண்ணு, ஒரு மாசம் போடுங்க"ன்னாங்க. அந்த ஒரு மாசம்தான் எட்டு வருஷமா ஓடுச்சு. 0.25 ஒரு வேளைங்கறது எப்படி 0.5 மூணு வேளையாச்சுன்னு கேட்டா எனக்கே கோர்வையா சொல்லத் தெரியல, சீட்டை நீட்டுவேன், அவங்க தேதியை மாத்திக் குடுப்பாங்க, அவ்ளோதான்.

2024 பிப்ரவரியில ஒரு சைக்கியாட்ரிஸ்ட் மேடத்தைப் பாத்தப்போ நாலு வழி சொன்னாங்க. ஆல்பிரசோலத்தையே கொஞ்சம் கொஞ்சமா குறைக்கறது, குளோனசெபத்துக்கு மாறி அதுல இருந்து குறைக்கறது, டயசெபத்துக்கு மாறி குறைக்கறது, இது எதுவா இருந்தாலும் கூடவே பதட்டத்துக்கான வேற வகை மருந்து எஸ்சிட்டலோபிராம் ஆரம்பிக்கறது.

எல்லாருக்கும் தெரிஞ்சதை ஒரே மூச்சுல முடிச்சிடறேன். முதல் மூணும் ஒரே குடும்பம், பென்சோடயசெபின். மூணுலயும் தூக்கம் வரும், மூணுக்கும் உடம்பு பழகிடும், மூணையும் குடியோட சேக்கக் கூடாது, மூணையும் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகலாம். மாசச் செலவுல பெருசா வித்தியாசம் பாத்ததா எனக்கு ஞாபகம் இல்ல.

வித்தியாசம் எல்லாம் மாத்திரை உடம்புல எவ்ளோ நேரம் நிக்குதுங்கறதுலதான் இருக்கு. இதுக்கு அரை ஆயுள்னு பேரு, உள்ள போன மருந்துல பாதி வெளியேற எடுத்துக்கற நேரம். ஆல்பிரசோலத்துக்கு சராசரியா 11, 12 மணி நேரம். குளோனசெபத்துக்கு 30ல இருந்து 40 மணி நேரம். டயசெபம் ஒரு படி மேல, அது உடம்புல உடைஞ்சு இன்னொரு பொருளா மாறி அந்தப் பொருளே 100 மணி நேரம் வரைக்கும்கூட நிக்கும். கேக்க புத்தகத்துல வர்ற நம்பர் மாதிரி இருக்குல்ல, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, மேடம் ஒரு பேப்பர்ல ஆல்பிரசோலம் அளவு ஏறி இறங்கறதை ரம்பப் பல்லு மாதிரி கோடு போட்டுக் காட்டற வரைக்கும்.

ஏன்னா என் சாயங்காலம் அந்தக் கோடு மாதிரியேதான் இருக்கும். காலையில 7க்கு ஒண்ணு, ராத்திரி 10க்கு ஒண்ணு, மதியம் சாப்பாடு முடிஞ்சு ஒண்ணு. ஆபீஸ்ல மதிய மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போச்சுன்னா மூணரை மணிக்கு உள்ளங்கை ஈரமாகும், கீபோர்டுல நம்பர் தட்டறப்போ சுண்டுவிரல் தனியா ஆடும், ஜிஎஸ்டி தாக்கல் பண்ற நாள்ல 6 போடற இடத்துல 9 போட்டு முழு ஷீட்டையும் திரும்ப சரிபாத்திருக்கேன். எட்டு வருஷமா அதை என் வியாதின்னே நெனச்சேன். "வியாதி குறையலையே, டோஸ் கூட்டலாமா"ன்னு நானே போய்க் கேட்டிருக்கேன். அது மாத்திரை இறங்கற நேரம்னு யாரும் சொல்லல.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்னைக்கு அட்டையில மீதி ரெண்டுதான், காலையிலயும் மதியமும் போட்டாச்சு. தெருவுல இடுப்பளவு தண்ணி, கரண்ட் இல்ல, கடை எல்லாம் மூடி. ராத்திரி வேளை போச்சு, மறுநாள் காலை வேளையும் போச்சு, மதியத்துக்குள்ள காதுல ஒரு ரீங்காரம், ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்துது, போர்வைக்குள்ள பல்லு தந்தியடிக்குது. எங்க வீட்டுக்காரர் தண்ணியில நடந்தே போய் ஒரு மெடிக்கல் ஷாப்பைக் கண்டுபிடிச்சார். கடைப் பையன் "சார், இது ஹெச்1 மருந்து, சீட்டு இல்லாம தரமாட்டோம்"ன்னான், அவன் மேல தப்பே இல்ல, 2014ல இருந்து அதான் சட்டம், வாங்கறவங்க பேரு, டாக்டர் பேரு, எத்தனை மாத்திரைன்னு தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். இவர் சட்டைப்பையில இருந்த சீட்டு ஊறிக் கூழாயிருந்துச்சு. நல்லவேளை மை மட்டும் அழியல, பையன் டார்ச் அடிச்சுப் படிச்சு எழுதிக்கிட்டு குடுத்தான். மாறணும்னு முடிவு பண்ணது அன்னைக்குத்தான்.

மாறினது எப்படின்னா, ஒரேயடியா இல்ல. மொதல்ல ராத்திரி வேளையை மட்டும் குளோனசெபமா மாத்தினாங்க, பத்து நாள் கழிச்சு மதியம், அப்புறம் காலை. எதுக்கு எது சமம்ங்கறதுல அட்டவணைக்கு அட்டவணை கணக்கு மாறும், சிலது 0.5க்கு 0.5 நேருக்கு நேர்னு சொல்லும், சிலது சொல்லாது, அதனால இதை எவனோ எழுதினதைப் பாத்து வீட்டுல செய்யாதீங்க, நான் எழுதறதையும் சேத்துத்தான் சொல்றேன். ஒவ்வொரு படியிலயும் மேடம் கேட்டது ரெண்டே கேள்வி, தூங்கி விழறியா, நடுங்கறியா? ஒரு மாசம் ஸ்கூட்டி எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க, நியாயம்தான், ரெண்டாவது வாரம் பஸ்ஸுல விஜயநகர்ல இறங்க வேண்டியவ மேடவாக்கத்துலதான் கண்ணு முழிச்சேன்.

ஆனா மூணாவது வாரம் ஒரு நாள் மணி பாத்தா அஞ்சே கால். மூணரை வந்துட்டுப் போனதே தெரியல.

2024 அக்டோபர் மழைக்கு எல்லாரும் காரை வேளச்சேரி மேம்பாலத்துல கொண்டுபோய் விட்டாங்கள்ல, நாங்களும் விட்டோம், என் மாத்திரை டப்பா டேஷ்போர்டுலயே இருந்துபோச்சு. ராத்திரி 11 மணிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு. மிக்ஜாம் ராத்திரி மாதிரியே இருக்கப்போகுதுன்னு பயந்துக்கிட்டே படுத்தேன், தூக்கம் லேட்டா வந்துச்சு அவ்ளோதான், காலையில அவர் நடந்துபோய் எடுத்துட்டு வர்ற வரைக்கும் கை நிதானமாத்தான் இருந்துச்சு. ஒரு வேளை விட்டா பரவாயில்லன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, ரெண்டு நாள் விட்டிருந்தா இதே கதையை வேற மாதிரி எழுதிட்டிருப்பேன்.

குறைக்கறப்பவும் இதே குணம்தான் கை குடுத்துச்சு. 2025ல அமெரிக்க டாக்டர் சங்கங்கள் சேர்ந்து போட்ட வழிகாட்டியில 2ல இருந்து 4 வாரத்துக்கு ஒரு தடவை 5ல இருந்து 10 சதவீதம் குறைக்கறதை யோசிங்க, பொதுவா 2 வாரத்துல 25 சதவீதத்தைத் தாண்டாதீங்கன்னு இருக்கு. மேடம் அதுக்கு முன்னாடியே கிட்டத்தட்ட அந்த வேகத்துலதான் கூட்டிட்டுப் போனாங்க. ஆல்பிரசோலத்துல இருந்தே நேரா குறைச்சு வெளிய வர்றவங்களும் இருக்காங்க, முடியாதுன்னு சொல்லல, ஆனா ஏற்கெனவே தினம் மூணு தடவை ஏறி இறங்கற ஊஞ்சல்ல உக்காந்துக்கிட்டு கயிறையும் அவுக்கறது என்னால ஆகாதுன்னு தோணுச்சு.

குளோனசெபத்தைப் பத்தி நல்லதாவே பேசிட்டிருக்கேன், குறையும் சொல்லணும். மந்தம். முதல் ரெண்டு மாசம் தெரிஞ்சவங்க பேரு நாக்கு நுனியில நிக்கும், வராது. திடீர்னு வர்ற பதட்டத்துக்கு ஆல்பிரசோலம் சட்டுனு கேக்கும், குளோனசெபம் எனக்கு அந்த வேகத்துல கேக்கல. எப்பவோ ஒரு தடவை மட்டும் போடறவங்களுக்கு என் கணக்கு பொருந்தாது.

ஆல்பிரசோலம் மேல எனக்கு இன்னொரு காண்டும் உண்டு. 2019 மே மாசம், நம்ம ஊரு வேர்வைக்கு இடுப்புல படர்தாமரை, தோல் டாக்டர் இட்ராகொனசோல் எழுதினார், வேற என்ன மாத்திரை போடறீங்கன்னு அவர் கேக்கல, நானும் சொல்லல. ஒரு வாரம் உக்காந்த இடத்துல தூங்கினேன். அந்தப் பூஞ்சை மருந்து கல்லீரல்ல ஆல்பிரசோலத்தை உடைக்கற வேலையைத் தடுத்து ரத்தத்துல அளவை ஏத்திடும், ரெண்டையும் சேக்கவே கூடாதாம். இது தெரிஞ்சதே அஞ்சு வருஷம் கழிச்சுத்தான்.

டயசெபம் நான் போட்டதில்ல, அதனால நீட்டல. இங்கிலாந்துல நியூகாசில்ல பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982ல இருந்து 1994 வரைக்கும் இந்த மாத்திரைகளை விடறவங்களுக்குன்னே கிளினிக் நடத்தினாங்க, அவங்க வழி டயசெபம்தான், நீண்ட நேரம் நிக்கறதால இறக்கம் மெதுவா இருக்கும்ங்கறது காரணம். எனக்கு ஏன் வேணாம்னாங்கன்னா கல்லீரல்ல கொழுப்பு இருக்கு, சேந்துக்கிட்டே போகும்னாங்க. வயசானவங்களுக்கும் அதே யோசனை உண்டு, தடுமாறி விழுந்துடுவாங்க.

எஸ்சிட்டலோபிராமை நிறைய பேர் இதுக்கு மாத்தா நெனைக்கறாங்க. அது வேற பூட்டு, வேற சாவி. பென்சோவை நிறுத்தினா வர்ற நடுக்கத்தை அது அடக்காது, பதட்டத்தோட வேரைப் பாக்கற வேலைதான் அதோடது, பலன் தெரிய நாலஞ்சு வாரம் ஆகும், முதல் வாரம் எனக்கு குமட்டலும் பதட்டம் ஒரு மிடறு கூடவும்தான் இருந்துச்சு. 5 மி.கி.ல ஆரம்பிச்சு 10ல நிக்குது. ஒண்ணு கவனிங்க, எஸ்சிட்டலோபிராமும் குளோனசெபமும் ஒரே மாத்திரையில கலந்து 'ப்ளஸ்'னு பேரு போட்டு கடையில ஏகப்பட்டது இருக்கு. போட சுலபம், ஆனா ஒண்ணை வெச்சுக்கிட்டு இன்னொண்ணை மட்டும் குறைக்கணும்னா வழியே இல்ல, பாதியா உடைச்சா ரெண்டும்தான் பாதியாகும். தனித்தனியா எழுதச் சொல்லுங்க.

சைக்கியாட்ரிஸ்ட்டைப் பாக்கப் போறேன்னதும் எங்கம்மா கேட்டது, "என்னடி, கீழ்ப்பாக்கத்துக்கா போகப்போற?" அந்த மனநல ஆஸ்பத்திரி 1794ல இருந்து இருக்கு, நம்ம ஊர்ல அந்தப் பேரு இன்னும் வசவுதான். நான் போனது வேற இடம், ஆனா பணம் இல்லன்னா அங்க ஓபி இருக்கு, கூச்சமா இருந்தா 14416க்கு போன் பண்ணலாம், டெலி மானஸ்ங்கற அரசோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க.

இப்போ 2025 அக்டோபர். குளோனசெபம் 0.25 மாத்திரையில பாதி, ராத்திரி மட்டும். பிளேடுல வெட்டறப்போ ஒரு பாதி பெருசா போயிடுது, பெருசு ஒரு நாள், சிறுசு மறுநாள்னு ஓட்டறேன். இதையும் விட்டுடவான்னு போன வாரம் கேட்டேன். மேடம் ஜன்னல் பக்கம் பாத்துட்டு, "மழை முடியட்டும்மா, ஜனவரியில பாத்துக்கலாம்"னாங்க.