வியன்னா அரச ஒப்பெரா: ஒலிவாங்கி இல்லாத இரண்டு மாலைகள்

கொழும்பு மண்டபங்களில் நாற்பது ஆண்டுகளாகக் கச்சேரி கேட்டுவரும் எனக்கு, ஒலிவாங்கியின் உதவியில்லாமல் ஒரு குரலைக் கேட்ட அனுபவம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நவராத்திரிக் காலத்தில் ஒருநாள் மின்சாரம் நின்றுபோய், மின்பிறப்பாக்கியை இயக்குவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்த ஏழெட்டு நிமிடங்களிலும் பாடகி நிறுத்தாமல் பாடினார். மிருதங்கக்காரர் தானாகவே கையை அடக்கிக்கொண்டார். பின்வரிசையில் வடை தின்றுகொண்டிருந்தவர்கள்கூட வாயை அசைக்கவில்லை. வெளிச்சம் வந்தவுடன் ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டது, நாங்களும் பழையபடி கதைக்கத் தொடங்கிவிட்டோம்.

சென்ற வைகாசியில் சூரிச்சில் இருக்கும் மகளிடம் போயிருந்தபோது, மனைவியும் நானும் இரவு ரயிலேறி வியன்னாவுக்குச் சென்று, அங்குள்ள அரச ஒப்பெரா மாளிகையில் ஒரு மாலை, ஒலிவாங்கியில்லாமல் பாடப்படும் இசைநாடகமான ஒப்பெராவும் மறுநாள் மாலை பாலே நடனமும் பார்த்தோம். பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பாவுக்குப் போகும் வெள்ளவத்தை, தெஹிவளைப் பெற்றோர்கள் பலர் இத்தகைய இடங்களின் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, உள்ளே போவது பணக்காரர்களுக்கும் விஷயம் தெரிந்தவர்களுக்கும் மட்டுமே உரியது என்று எண்ணித் திரும்பிவிடுகிறார்கள். அந்த எண்ணம் பிழை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் நுழைவுச்சீட்டு. நல்ல இருக்கை ஒன்றின் விலை 200 யூரோவைத் தாண்டும். அதை இலங்கை ரூபாயில் பெருக்கிப் பார்க்காமல் இருப்பது நல்லது. ஆனால் அங்கே 'ஷ்டேபிளாட்ஸ்' என்ற பெயரில் நின்று பார்ப்பதற்கான இடங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவை நிகழ்ச்சி நாளன்றே விற்கப்படுகின்றன. எங்கள் இரண்டு சீட்டுகளின் விலையும் அந்நகரத்துக் கோப்பிக்கடையில் ஒரு குடும்பம் அமர்ந்து கோப்பியும் கேக்கும் சாப்பிடும் செலவைத் தாண்டவில்லை. கீழ்த்தளத்து நிற்குமிடம் மண்டபத்தின் பின்புறத்தில் நட்டநடுவில், பழைய பேரரசரின் 'பெட்டி' எனப்படும் தனி இருக்கை அறைக்கு நேர் கீழே அமைந்திருப்பதால், மேடை முழுவதும் நேராகத் தெரிகிறது. பக்கவாட்டுப் பெட்டிகளின் பின்வரிசையில் இதைவிடக் கூடிய விலை கொடுத்து அமர்பவர்கள், பாதி மேடையைப் பார்ப்பதற்கே கழுத்தை நீட்ட வேண்டியிருக்கும்.

"மூன்று மணித்தியாலம் நிற்க உங்களுக்குக் கால் ஏலாது அப்பா" என்று தொலைபேசியில் மகள் தடுத்துப் பார்த்தாள். "நல்லூர்த் தேரன்று விடியப்புறம் தொடங்கி நிற்கிறனான்தானே பிள்ளை" என்றேன். உண்மையில் அது அத்தனை கடினமில்லை. படிப்படியாக உயரும் ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் சாய்ந்துகொள்ள ஒரு கைப்பிடிக் கம்பி இருக்கிறது. அந்தக் கம்பியில் கழுத்துச் சால்வையைக் கட்டி இடம் பிடிப்பது அங்கே நெடுநாள் வழக்கம். காலி முகத்திடலுக்கு அப்பால், புறக்கோட்டை பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியாகக் கைலேஞ்சியைப் போட்டு இடம் பிடிக்கும் நம்மவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மனைவி தமது சால்வையை ஒரு நொடியில் முடிந்துவிட்டார். ஒரேயொரு வேறுபாடு, கட்டிய சால்வையை அங்கே எவரும் அவிழ்த்துத் தள்ளிவைப்பதில்லை.

ஓர் எச்சரிக்கை. மாளிகையைச் சுற்றியுள்ள தெருக்களில் மோட்சார்ட் காலத்துச் சிவப்பு அங்கியும் வெள்ளைத் தலைமுடியும் அணிந்த இளைஞர்கள் கையில் கோப்புடன் வருவார்கள். அவர்கள் விற்பது பெரும்பாலும் வேறு மண்டபங்களில் சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தப்படும் இசை நிகழ்ச்சிகளுக்கான சீட்டுகள். அதை ஒப்பெரா என்று நம்பி நான் பணப்பையைத் திறந்துவிட்டேன். மனைவி சீட்டிலிருந்த முகவரியை வாசித்திருக்காவிட்டால் ஒரு மாலை வீணாகியிருக்கும்.

கட்டடத்தின் கதை சோகமானது. சிக்காட்ஸ்பர்க், வான் டெர் நியூல் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் இதை வடிவமைத்தார்கள். வேலை நடந்துகொண்டிருந்தபோது முன்னாலுள்ள ரிங் வீதியின் மட்டம் உயர்த்தப்பட்டதால் மாளிகை தாழ்ந்து தோன்ற, நகரத்தார் அதை 'அமிழ்ந்த பெட்டி' என்று கேலி செய்தனர். வான் டெர் நியூல் 1868 இல் தூக்கிட்டு மாண்டார். சில வாரங்களில் நண்பரும் நோயால் இறந்தார். 1869 மே 25 இல் மோட்சார்ட்டின் 'டொன் ஜியோவான்னி'யுடன் கதவு திறந்தபோது இருவருமே இல்லை. 1945 மார்ச் 12 ஆம் திகதி விழுந்த குண்டுகளால் மேடையும் பார்வையாளர் மண்டபமும் எரிந்துபோயின. முன்முகப்பும் பெரிய படிக்கட்டும் சில கூடங்களும் மட்டும் தப்பின. திருத்தப்பட்ட மாளிகை 1955 நவம்பர் 5 இல் பீத்தோவனின் 'ஃபிடேலியோ'வுடன் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே படிக்கட்டில் ஏறும்போது காணும் பளிங்குச் சிலைகளும் பொன்வேலைப்பாடும் உள்ளே தொடரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்: மண்டபம் ஐம்பதுகளின் அடக்கமான வெண்மையும் சிவப்புமாக இருக்கிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை. கண் அலையாததால் காது வேலை செய்தது.

நாங்கள் கேட்டது இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'டோஸ்கா'. ஒப்பெரா என்பது பேச்சுக்குப் பதிலாகப் பாட்டாலேயே நடக்கும் நாடகம். அரிச்சந்திர மயான காண்டத்தை விடிய விடிய இருந்து பார்த்தவர்களுக்கு அந்த மரபு அந்நியமாகத் தோன்றாது. கதை 1800 ஆம் ஆண்டு உரோமாபுரியில் நடக்கிறது. பாடகி ஒருத்தி, அவள் காதலிக்கும் ஓவியன், அவளை அடைய ஓவியனைச் சித்திரவதை செய்யும் பொலிஸ் தலைவன் ஆகிய மூவரைச் சுற்றியே எல்லாம் சுழல்கிறது. மேடையில் 1958 இல் முதன்முதல் அரங்கேறிய அதே தயாரிப்புத்தான் இன்றும் நடக்கிறது. நூற்றுக்கணக்கான தடவை ஆடிய பிறகும் அதை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். இத்தாலிய மொழி தெரியாதது தடையாகவில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் முன்னாலுள்ள சிறு திரையில் ஆங்கிலம், ஜேர்மன், ஜப்பானியம் என்று வேண்டிய மொழியில் வரிகள் ஓடுகின்றன. தமிழ் இல்லை, இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்தது உண்மை.

இரண்டாம் அங்கத்தில், செய்வதறியாத அந்தப் பெண் தரையில் தளர்ந்து, கலைக்காகவும் அன்புக்காகவும் வாழ்ந்த எனக்கா இந்தக் கூலி என்று கடவுளைக் கேட்கும் இடம் வருகிறது. பாடகி அதை ஏறக்குறைய முணுமுணுப்பாகத் தொடங்கினார். எங்களுக்கும் மேடைக்கும் இடையில் வரிசை வரிசையாக இருக்கைகள், மேடைக்கு முன்னாலுள்ள குழிக்குள் முழு வாத்தியக் குழு. இருந்தும் அந்த முணுமுணுப்பு எனக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவர் காதுக்குள் சொல்வதுபோல் வந்து சேர்ந்தது. மூச்சு எடுக்கும் ஓசை கேட்டது. உச்சத்தில் குரல் விரிந்தபோதும் அது காதை அறையவில்லை, மண்டபத்தை நிறைத்தது. இதற்கு விளக்கம் உண்டு: பயிற்சி பெற்ற ஒப்பெராக் குரலில், குறிப்பாக ஆண் குரல்களில், 3000 ஹேர்ட்ஸை (நொடிக்கு 3000 அதிர்வுகளை) அண்டிய பகுதியில் ஒலியாற்றல் செறிந்திருக்கும், வாத்தியக் குழுவின் வலு அதற்கு மிகக் கீழே, 500 ஹேர்ட்ஸ் அளவில் இருப்பதால், குரல் அதனுடன் மோதாமல் மேலாக வந்துவிடுகிறது. அந்தக் குழுவும் சாதாரணமானதல்ல. புகழ்பெற்ற வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக் குழுவின் கலைஞர்கள் இங்கிருந்தே தெரிவாகிறார்கள். ஒலிவாங்கியை வாய்க்குள் வைத்துப் பாடியும் சாகித்தியம் புரியாத எத்தனை மாலைகளை நான் கொழும்பில் கடந்து வந்திருக்கிறேன் என்று எண்ணிக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் சாய்கோவ்ஸ்கியின் 'அன்ன ஏரி'. பாலே நடனக் கலைஞர் ருடோல்ஃப் நூரியெவ் 1964 இல் இந்த மேடைக்கென்றே அமைத்த வடிவம் இது. அந்த ஆண்டு அவரும் ஆங்கிலேய நடனமணி மார்கட் ஃபொன்டெய்னும் ஆடி முடித்தபோது, கைதட்டல் ஓயாததால் திரை 89 தடவை மீண்டும் மீண்டும் விலகியதாம். பரதநாட்டிய அரங்கேற்றங்களிலேயே பழகிய கண்ணுக்கு இது விசித்திரமான அனுபவம். முழங்காலை வெளிப்புறமாகத் திருப்பி மடிக்கும் நிலை நமது அரைமண்டியை நினைவூட்டும். ஆனால் நாம் அங்கிருந்து நிலத்தைத் தட்டுகிறோம், அவர்கள் அங்கிருந்து நிலத்தை விட்டுப் போகிறார்கள். நமக்குச் சலங்கை பேச வேண்டும். அவர்களுக்குக் கால் பேசவே கூடாது. எனினும் வெண்ணிற அன்னங்கள் கூட்டமாக ஓடிவந்து நின்ற கணத்தில், மெல்லிய மழை தகரத்தில் விழுவதைப் போன்ற ஒரு 'டொக் டொக்' ஒலி கேட்டது. அவர்களுடைய சப்பாத்தின் நுனியில் மரக்கட்டை இருப்பதாகவே நான் நினைத்திருந்தேன். அது துணியும் தாளும் பசையும் சேர்த்து இறுக்கியது, ஒரே இரவில் நைந்துபோவதும் உண்டு. அபிநயத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் சற்று ஏமாறுவார்கள். இரு விரல்களை உயர்த்தினால் சத்தியம், மோதிர விரலைத் தொட்டால் திருமணம் என்ற அளவில் சில முத்திரைகள் இருக்கின்றன. முகம் பெரும்பாலும் ஓய்வில் இருக்கிறது. மனைவிக்கு ஒப்பெராவைவிட இதுவே பிடித்தது. எனக்கு அப்படியில்லை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1897 முதல் 1907 வரை இங்கே இயக்குநராக இருந்த இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர், தாமதமாக வருபவர்களை இடையில் உள்ளே விடக்கூடாது என்று கண்டிப்புக் காட்டினார். அந்தக் கண்டிப்பு இன்னும் இருக்கிறது. மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் முடிந்து ஆறரைக்கு வந்தாலும் போதும் என்ற நமது கணக்கு அங்கே செல்லாது. உடைக்குக் கடும் விதியில்லை. அரைக்காற்சட்டையைத் தவிர்த்தால் போதும். மனைவி காஞ்சிபுரம் சேலை உடுத்திருந்தார், எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நின்று பார்க்கப் போகிறவர்களுக்குத் தட்டையான சப்பாத்து மட்டும் கட்டாயம்.

இன்னொன்று. நம்மவர்கள் பெரும்பாலும் ஆடி, ஆவணியில்தான் அங்கே போகிறோம், பேரப்பிள்ளைகளுக்கு அப்போதுதான் விடுமுறை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மேடை ஓய்வெடுக்கிறது; மாளிகையைச் சுற்றிக் காட்டுவார்கள், அது கொட்டகைக்குள் நிற்கும் தேரைப் பார்ப்பது போலத்தான். வைகாசியிலோ புரட்டாதியிலோ பயணத்தை அமைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. அந்த மாதங்களில் மாளிகையின் பக்கச் சதுக்கத்தில் பெரிய திரை வைத்து, உள்ளே நடப்பதைப் பல மாலைகளில் இலவசமாகவே காட்டுகிறார்கள். அங்கே கதிரைகளும் உண்டு. ஆனால் அங்கே கேட்பது ஒலிபெருக்கி வழியாகத்தான்.