பழைய மெட்ராஸ் போஸ்ட்கார்டு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: 18,500 ரூபாய் போச்சு

கோபத்தில்தான் எழுதுகிறேன். நடுவில் வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழம்பொருள் விற்கும் ஒரு ஆப். பெயர் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. அதில் ஒருவர் பழைய மெட்ராஸ் பிக்சர் போஸ்ட்கார்டு பதினொன்றை ஒரே கட்டாக விற்பனைக்குப் போட்டிருந்தார். ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்டவை ஆறு, வீலே அண்ட் க்ளீன் மூன்று, லண்டன் ரஃபேல் டக் கம்பெனியின் ஆயிலெட் வரிசையில் (எண்ணெய் ஓவியம் போலத் தெரிகிற வண்ண அட்டைகள்) இரண்டு. விலை 18,500 ரூபாய். பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்’ என்று பச்சை முத்திரை வேறு.

இந்தக் கார்டுகளைத் தேடுகிறவர்களுக்கு இது எப்படிப்பட்ட கட்டு என்று சொல்ல வேண்டியதில்லை. ஹிக்கின்பாதம்ஸ் 1844-லேயே தொடங்கிய புத்தகக் கடை, மவுண்ட் ரோட்டில் இன்றைக்கும் இருக்கிறது. அது ஒரு காலத்தில் ஊர்க் காட்சிகளைப் போஸ்ட்கார்டாகவும் போட்டது. வீலே அண்ட் க்ளீன் மெட்ராஸில் ஸ்டூடியோ வைத்திருந்த புகைப்படக்காரர்கள், பின்னாளில் க்ளீன் அண்ட் பெயர்ல் ஆனார்கள். இவர்கள் எடுத்த கடற்கரைச் சாலையையும் மவுண்ட் ரோட்டையும் கையில் வைத்துப் பார்ப்பது தனி சுகம்.

நான் எடுத்தவுடன் பணம் கட்டவில்லை. வீடியோ காலில் காட்டச் சொன்னேன். காட்டினார். பெரிதாக்கிக் காட்டும் லென்ஸை கார்டின் மேல் வைத்து, அதன் மேல் கேமராவை வைத்து, பொறுமையாக ஒவ்வொன்றாக. அந்தக் காலத்தில் புகைப்படங்களை அச்சிடப் பயன்பட்ட கொலோடைப் முறைக்கே உரிய அந்த ஒழுங்கில்லாத நெளிநெளியான மணல் போன்ற பரப்பு தெளிவாகத் தெரிந்தது. வண்ணக் கார்டின் ஓரத்தில் ஜெர்மனியில் அச்சானது என்று பொடி எழுத்து. அந்தக் காலத்து வண்ண அட்டைகளில் பெரும்பகுதி அங்கேதான் அச்சாகி வந்தது, 1914-இல் போர் மூண்டதும் அந்த வரத்து நின்றது. இதையெல்லாம் நான் கேட்காமலே அவரே சொன்னார்.

அப்புறம் டக் கார்டுக்கு வந்தார். “சார், டக் கம்பெனி ஆபீஸ் ரெக்கார்டே இன்னைக்குக் கிடையாது. 1940 டிசம்பர் 29 ராத்திரி லண்டன்ல குண்டு விழுந்து அவங்க ஆபீஸ் இருந்த ரஃபேல் ஹவுஸோட எரிஞ்சு போச்சு. அதனால இதுக்குச் சர்டிபிகேட் எல்லாம் யாரும் தர முடியாது. நம்ம கண்ணுதான் சர்டிபிகேட்” என்றார். குண்டு விழுந்து எரிந்தது உண்மைதான். இவ்வளவு தெரிந்த மனுஷர் போலி விற்பாரா என்ற நினைப்பில் அன்று மாலையே ஆப் வழியாக 18,500 ரூபாய் கட்டினேன்.

பார்சல் வந்தது. பிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தேன், அந்தப் பழக்கம் மட்டும் உண்டு. பதினொரு கார்டு இருந்தது. ஆனால் எனக்குக் காட்டிய பதினொன்று அல்ல.

முதலில் உறுத்தியது ஸ்டாம்ப். ஏழாம் எட்வர்ட் தலை போட்ட கால் அணா ஸ்டாம்ப்பின் ஓரத்தை நகத்தால் தடவினால் மேடே இல்லை. ஸ்டாம்ப்பையும் அதன் மேல் விழுந்த தபால் முத்திரையையும் அட்டையோடு அட்டையாக அச்சிட்டிருக்கிறான்! லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று இன்க்ஜெட் பிரிண்டரின் சிதறல் புள்ளிகள். ரூபாய் நோட்டு பார்க்கிற யூவி டார்ச்சை அடித்தேன், பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கிற அந்த ரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் தாளில் பரவலாக வந்தது. டீத்தண்ணியில் நனைத்துப் பழசாக்கியவனுக்கு அது தெரியவில்லை.

உச்சம் இதுதான். வீடியோவில் காட்டிய சென்ட்ரல் ஸ்டேஷன் கார்டுக்குப் பதிலாக ரிப்பன் கட்டடம் வந்திருந்தது. முழுதாகக் கட்டி முடித்த ரிப்பன் கட்டடம், மணிக்கூண்டோடு. முத்திரையில் வருஷம் 1908. அந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியதே 1909 டிசம்பரில். திறந்தது 1913-இல். இல்லாத கட்டடத்தைப் படம் பிடித்து தபாலில் அனுப்பியிருக்கிறார்கள்!

போன் செய்தேன். முதலில் “பழைய பேப்பர் சார், ஈரம் பட்டா கலர் அப்படித்தான் தெரியும்” என்றார். கட்டட வருஷத்தைச் சொன்னேன். “பார்சல் கட்டுற பையன் மாத்தி வெச்சிருப்பான், பார்க்கிறேன்” என்றார். மறுபடி கூப்பிட்டால் வேறு குரல், “அண்ணன் வெளியூர் போயிருக்காரு”. கடைசியாக அவரிடமிருந்தே ஒரு மெசேஜ்: “போலின்னு நீங்க நிரூபிங்க சார். ரெக்கார்டு எங்க இருக்கு?” லண்டனில் எரிந்த காகிதத்தை எனக்கு எதிராகவே திருப்பிவிட்டார். அதற்குப் பின் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

ஆப்காரர்கள் இவருக்குச் சளைத்தவர்கள் இல்லை. முதலில் பதில் சொன்னது இயந்திரம், “உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்”. பிறகு மனிதர் ஒருவர் வந்து, பழம்பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது என்றார். பச்சை முத்திரை எதற்கு என்று கேட்டேன். விற்பவரின் போன் நம்பரையும் பான் கார்டையும் மட்டும்தான் சரிபார்த்தோம், பொருளை அல்ல என்று பதில். அடுத்து வந்தவர் நிபுணர் சான்றிதழ் அனுப்பச் சொன்னார். ஸ்டாம்ப் அச்சிட்டது என்று சொல்ல எந்த நிபுணர் வேண்டும்? 18,500 ரூபாய் வாங்கும்போது யாரும் சான்றிதழ் கேட்கவில்லையே.

இப்போது 1930-க்கு அழைத்து சைபர் கிரைமில் பதிவு செய்திருக்கிறேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லியாயிற்று. 2020 மின்வணிக விதிகளின்படி இப்படிப்பட்ட தளங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதை எழுதிக் குறைதீர்ப்பு அதிகாரிக்கே அனுப்பிய பிறகுதான் புகார் எண் என்ற ஒன்றே வந்தது.

வாங்குகிறவர்களுக்கு விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. வீடியோ காலைப் பதிவு செய்து வையுங்கள். ஒவ்வொரு கார்டின் பின்பக்கத்தையும் கறை, மடிப்பு தெரிகிற மாதிரி படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வந்ததோடு ஒப்பிட அதுதான் ஆதாரம். யூவி டார்ச் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. படத்தில் இருக்கும் கட்டடம் எந்த வருஷம் வந்தது என்று பாருங்கள். அனுப்பிய போலியைத் திருப்பிக் கேட்டால் பணம் கைக்கு வராமல் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. நேற்று இரவு அதே ஆப்பில் வேறு பெயரில் ஒரு கணக்கு, அதே பச்சை முத்திரை. ரிப்பன் கட்டடம் கார்டு, 1908 முத்திரை, தனியாக 2,200 ரூபாய்க்கு விற்பனையில் இருக்கிறது. பார்த்தால் வாங்காதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.