கிட்டார்காரருக்கு ஒரு குட்டி பேஸ்: மைக்ரோவா, டால்மனா, ப்ராங்கோவா?

கிட்டார் வாசிக்கத் தொடங்கிப் பதினைந்து வருஷம் ஆகிறது. வீட்டில் பாட்டுப் பதிவு செய்யும்போது தாழ்ந்த சுருதியில் ஓடும் பேஸ் மட்டும் கீபோர்டிலிருந்துதான் வரும். சுருதி சுத்தமாக இருக்கும், ஆனால் டிரம்ஸோடு ஒட்டவே ஒட்டாது. ஒரு பேஸ் கிட்டார் வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்தேன். கேபிள், பை எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய்க்குள் என்று வரம்பும் போட்டுக்கொண்டேன்.

கடையில் வழக்கமான 34 அங்குல ஸ்கேல் (கழுத்து நுனியில் ஸ்ட்ரிங் உட்காரும் நட்டிலிருந்து உடலில் உள்ள பிரிட்ஜ் வரையான நீளம்) பேஸ் ஒன்றை மடியில் வைத்து, முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே ஓடும் கம்பி) ஆள்காட்டி விரல், நான்காவதில் சுண்டு விரல் என்று கிட்டார் பழக்கத்தில் வைத்தேன். சுண்டு விரல் போய்ச் சேர்ந்தது. ஆனால் மணிக்கட்டு வளைந்துகொண்டது, இரண்டு நிமிஷத்தில் கட்டைவிரலுக்குக் கீழே இழுக்க ஆரம்பித்தது. பேஸ் வாசிப்பவர்கள் அப்படி விரலை விரிப்பதே இல்லை, கையை நகர்த்துவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதைப் பழக ஒரு வருஷம் ஆகும். எனக்கு அடுத்த வாரமே பதிவு இருந்தது. அதனால் நீளம் குறைந்த ஷார்ட் ஸ்கேல்.

ஷார்ட் ஸ்கேல் என்றால் சிறுவர்களுக்கான பொம்மை என்று நினைப்பவர்களுக்கு ஒரே பதில் போதும்: 1961-இல் ஹாம்பர்கில் பால் மெக்கார்ட்னி வாங்கிய ஹாஃப்னர் வயலின் பேஸும் 30 அங்குலம்தான்.

என் பட்டியலில் கடைசிவரை நின்றவை இரண்டு, இரண்டுமே ஐபனேஸ் நிறுவனத்தின் பேஸ். ஒன்று மைக்ரோ, அதாவது ஜிஎஸ்ஆர்எம் 20. ஸ்கேல் 28.6 அங்குலம். இன்னொன்று டால்மன் டிஎம்பி 30. ஸ்கேல் 30 அங்குலம். இரண்டிலும் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) அமைப்பு ஒன்றேதான்: நடுவில் ஃபெண்டரின் ப்ரிசிஷன் பேஸில் உள்ள வகை, பிரிட்ஜ் பக்கம் ஜாஸ் பேஸில் உள்ள வகை. ஆகவே ஒலியில் வித்தியாசம் தேடி அலைய வேண்டாம் என்பது என் கருத்து. விலையில் மைக்ரோ குறைவு. டால்மன் என் வரம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. நான் வாங்கியது டால்மன். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட் வரை எவ்வளவு தூரம்? 25.5 அங்குல கிட்டாரில் சுமார் 97 மில்லிமீட்டர். மைக்ரோவில் 109. டால்மனில் 114. முழு நீள பேஸில் 130. கிட்டார் கைக்கு 130 என்பது சண்டை. 114 வந்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. அதற்கும் கீழே இறங்கி மைக்ரோவுக்குப் போனால் இன்னும் ஐந்து மில்லிமீட்டர் மிச்சம். அவ்வளவுதான்.

அந்த ஐந்து மில்லிமீட்டருக்கு நாம் கொடுக்கும் விலை ஸ்ட்ரிங்கின் இறுக்கம். ஒரே ஸ்ட்ரிங்கை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது, அதன் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 34-இலிருந்து 30-க்கு வந்தால் 22 சதவீதம் போச்சு. 28.6-க்கு வந்தால் 29 சதவீதம் போச்சு. ஜி, டி ஸ்ட்ரிங்குகளில் இதை மறந்துவிடலாம். தாழ் இ ஸ்ட்ரிங்கில் மறக்க முடியாது. தளர்ந்த ஸ்ட்ரிங்கை ஓங்கி அடித்தால் சுருதி முதலில் ஏறி, பிறகு இறங்கி நிலைக்கும். ட்யூனரில் முள் குதிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிட்டார்காரர்களான நாம் பிக்கால் ஓங்கி அடித்தே வளர்ந்தவர்கள். இடது கையாலும் தேவைக்கு மேல் அழுத்துவோம், அதுவும் சுருதியை ஏற்றும். போதாததற்கு, தளர்ந்த ஸ்ட்ரிங் அகலமாக ஆடுவதால் ஃப்ரெட்டில் உரசும். உரசாமல் இருக்க ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரத்தை, அதாவது ஆக்‌ஷனை உயர்த்துவோம். உயர்த்தினால் அழுத்தும்போது இன்னும் ஏறும்.

நண்பர் ஒருவர் சர்ச்சில் பல வருஷமாக பேஸ் வாசிப்பவர். நான் மைக்ரோவில் அடித்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, கருவி மேல பழி போடாதீங்க. நீங்க ஸ்ட்ரிங்க அடிக்கிறீங்க, வாசிக்கல." உண்மைதான். அவர் விரல் நுனியால் மெதுவாகத் தொட்டபோது அதே மைக்ரோ கும்மென்று நின்று பேசியது. கை மென்மையாக உள்ளவர்களும், வீட்டில் பன்னிரண்டு வயசுப் பிள்ளையும் வாசிக்கப் போகிறது என்பவர்களும் மைக்ரோவை யோசிக்காமல் எடுக்கலாம்.

கனமான ஸ்ட்ரிங் போட்டால் சரியாகிவிடாதா? ஓரளவு ஆகும். ஆனால் 34 அங்குலத்தில் 105 கன (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில் கணக்கு) இ ஸ்ட்ரிங் தரும் இறுக்கம் மைக்ரோவில் வேண்டுமென்றால் 125-க்குப் பக்கத்தில் போக வேண்டும். அது ஐந்து ஸ்ட்ரிங் பேஸின் பி ஸ்ட்ரிங் கனம். நட்டின் பள்ளத்தை அரம் போட்டு அகலப்படுத்தாமல் உட்காராது. டால்மனுக்கு 119 வரும். அதற்கும் நான் போகவில்லை, கூட வந்த ஸ்ட்ரிங்கின் கனமே எனக்குப் போதுமாக இருந்தது.

ஸ்ட்ரிங் விஷயத்தில் இன்னொன்று. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கடைகளில் பேஸ் ஸ்ட்ரிங் என்று கேட்டால் எடுத்துப் போடுவது முழு நீள செட். ஷார்ட் ஸ்கேல் செட் பெரும்பாலும் சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பொறுமை இல்லாமல் நான் ஒரு முழு நீள செட்டை வாங்கி இ ஸ்ட்ரிங்கை வெட்டினேன். முதலில் தொண்ணூறு டிகிரிக்கு மடக்கி, மடிப்புக்கு அந்தப் பக்கம்தான் வெட்ட வேண்டும். நான் நேராகவே வெட்டிவிட்டேன். உள்கம்பி உருண்டை வகை. வெளிச்சுற்று நழுவிப் பிரிந்துகொண்டது, ஸ்ட்ரிங் செத்துவிட்டது. மீட்டினால் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல ஒரு சத்தம். வெட்டுவதானால் நுனி மெலிந்து வரும் பகுதியும் போய்விடும், முழுக் கனத்தையும் பெக்கில் சுற்ற வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். தட்டையான கம்பி சுற்றிய பிளாட்வவுண்ட் ஸ்ட்ரிங்குக்கு இது ஆகவே ஆகாது.

ஸ்ட்ரிங்கின் நீளம் என்ற இதே காரணத்துக்காகத்தான் ஸ்க்வையர் நிறுவனத்தின் கிளாசிக் வைப் மஸ்டாங் பேஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை. என் வரம்புக்கு எட்டாத விலை என்பது தனிக் கதை. அதில் ஸ்ட்ரிங் உடலுக்குப் பின்னாலிருந்து துளை வழியாக ஏறி வருகிறது. ஆக 30 அங்குல ஸ்கேலாக இருந்தும் கூடுதல் நீளம் தேவை. சில ஷார்ட் ஸ்கேல் செட்டுகளில் கனமான பகுதி நட்டுக்கு முன்பே முடிந்து, மெலிந்த பகுதி நட்டின் மேல் உட்கார்ந்துவிடும். டால்மனில் பிரிட்ஜிலேயே கோத்துவிடலாம், இந்தத் தொல்லை இல்லை.

ஸ்க்வையரின் இன்னொரு ஷார்ட் ஸ்கேல் பேஸான ப்ராங்கோவை அரை மணி நேரம்தான் வாசித்தேன், அதுவும் செகண்ட் ஹேண்டில் வந்த பழைய மாடல். ஒரு பிக்கப், 19 ஃப்ரெட், கழுத்து கைக்கு ரொம்ப இதம். அந்தப் பழைய மாடல்களில் பிக்கப் ஸ்ட்ராட் கிட்டாரின் ஆறு முனை பிக்கப், மேலே ஓடுவதோ நான்கு ஸ்ட்ரிங். பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் சாடில் இரண்டே, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்ட்ரிங். இ ஸ்ட்ரிங்குக்கு இன்டனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது) சரி செய்தால் ஏ கொஞ்சம் விலகும். பிரித்து மாட்டி மாற்றங்கள் செய்யப் பிடிக்கும் என்றால் நல்ல ஆரம்பம். எனக்கு சால்டரிங் கம்பியைப் பிடிக்கவே கை நடுங்கும். கிரெட்ஷ் ஜூனியர் ஜெட்டை இணையத்தில் கேட்டதோடு சரி. 30.3 அங்குலம், இரண்டு மினி ஹம்பக்கர் பிக்கப், உருண்டு திரண்ட ஒலி. கையில் எடுத்திருந்தால் மனம் மாறியிருக்கலாம்.

மேடையில் இந்த டால்மனை நான் இன்னும் வாசித்ததில்லை. பெரிய பேஸ் ஆம்பில் இதன் இ ஸ்ட்ரிங் எப்படி நிற்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். கணினியில் பதிவு செய்ய உதவும் இன்டர்ஃபேஸ் பெட்டியில் நேராகச் செருகி, ப்ரிசிஷன் பிக்கப்பை மட்டும் திறந்து வாசிக்கிறேன், டிரம்ஸோடு ஒட்டுகிறது. பிக்கைக் கிட்டார் பைக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

இப்போது பிளாட்வவுண்ட் ஷார்ட் ஸ்கேல் செட் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பு தையல் டேப்பை எடுத்து, ஸ்ட்ரிங்கின் குமிழ் உட்காரும் இடத்திலிருந்து நட் வரை அளந்துகொண்டேன்.