ஓட்டத்துக்குப் பாட்டு: தாளம் பார்த்து அடுக்கியதா, பிடித்ததைக் கலந்து விட்டதா?

இந்தக் கேள்வியோடு நிற்பவர்களுக்காக, இரண்டு விதமாகவும் ஓடிப் பார்த்து எழுதுகிறேன்.

தயாரிப்பு
அடுக்கியது: ஒரு மாலைப் பொழுது போய்விடும். முதலில் ஒரு நிமிடம் ஓடி, காலடிகளை எண்ணுங்கள். பலருக்கு 150 முதல் 180 வரை வரும். 160 வந்தால், நிமிடத்துக்கு 160 தட்டு உள்ள பாட்டு பொருந்தும். 80 தட்டுள்ள பாட்டும் பொருந்தும், ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு அடி விழும். நம் குத்துப் பாட்டுகளில் தேடினால் நிறையவே கிடைக்கும்.
கலந்தது: தொட்டால் ஓடும்.

வேகம்
அடுக்கியது: கடைசிக் கிலோமீட்டரில் கால் தளரும்போது தாளமே இழுத்துக்கொண்டு போகும். இதற்காகவே எனக்கு இது பிடிக்கும்.
கலந்தது: வேகப் பாட்டில் பாய்வோம், மெலடியில் தொய்வோம்.

அலுப்பு
அடுக்கியது: இரண்டே வாரம். பிறகு ஐந்தாறு பாட்டையாவது மாற்ற வேண்டும்.
கலந்தது: அடுத்து என்ன வருமோ என்ற ஆவல் குறையாது.

எதுவானாலும் சாலையோரம் ஓடினால் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். ஹாரன் கேட்க வேண்டும்.

10 கிலோமீட்டர் நேரத்தைக் குறைக்க முயல்பவருக்கு அடுக்கியது. ஓட்டத்தை இப்போதுதான் தொடங்கி, விடாமல் போனால் போதும் என்பவருக்குக் கலந்தது.