கொலாசல் யூத்: டிரம்மர் இல்லாமல் ஒரு ராக் ஆல்பம்

போன் ஸ்பீக்கரில் கேட்டால் இந்த ஆல்பத்தில் பாதிதான் காதில் விழும். வேல்ஸின் கார்டிஃப் நகரத்து யங் மார்பிள் ஜெயன்ட்ஸ் குழு, லண்டனின் ரஃப் டிரேட் என்ற சுயாதீன லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) வழியாக 1980இல் வெளியிட்ட முதல் ஆல்பம் இது. அந்த வருடக் கடைசியிலேயே குழு கலைந்துவிட்டதால் ஒரே ஆல்பமும் இதுதான். மொத்தம் 15 பாடல்கள், 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ஆட்கள் மூன்றே பேர். ஸ்டூவர்ட் மாக்ஸம் கிட்டாரும் ஆர்கனும், அவருடைய தம்பி ஃபிலிப் பேஸ் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான கிட்டார்), அலிசன் ஸ்டாட்டன் பாட்டு. டிரம்ஸுக்குப் பதில் கேசட்டில் பதிந்து வைத்த ரிதம் மெஷின். டிக் டிக்கென்று மெலிசாகத் தட்டும், அவ்வளவுதான். மத்திய வேல்ஸில் உள்ள ஃபோயல் ஸ்டூடியோவில் ஐந்தே நாளில் ஒலிப்பதிவு முடிந்திருக்கிறது. அவசரமாகச் செய்த வேலை மாதிரி எங்கேயும் தெரியவில்லை.

முக்கியமான விஷயம் கிட்டாரும் பேஸும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிற விதம். வழக்கமான ராக் குழுவில் கிட்டார் இடத்தை அடைத்துக்கொள்ளும், பேஸ் அடியில் கிடக்கும். இங்கே தலைகீழ். ஸ்டூவர்ட் உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) பக்கம் கம்பிகளின் மேல் வைத்து அமுக்கிக்கொண்டே மீட்டுகிறார். ஒவ்வொரு ஸ்வரமும் பிறந்த உடனே அடங்கிவிடுவதால் கிட்டாரே பாதி தாளவாத்தியமாகிவிடுகிறது. டிரம்ஸ் இல்லாத குறை அங்கே தீர்கிறது. அப்படிக் காலியான இடத்தில் ஃபிலிப்பின் பேஸ் மெட்டை எடுத்துக்கொள்கிறது. முதல் பாடலான ‘சர்ச்சிங் ஃபார் மிஸ்டர் ரைட்’டிலேயே இது பிடிபடும்: முதல் தடவை குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள், அதுவே தனிப் பாட்டாக ஓடும்.

போன் ஸ்பீக்கர் சரிப்படாததும் இதனால்தான். நாலு கம்பி பேஸின் அடிக்கம்பி எழுப்புவது சுமார் 41 ஹெர்ட்ஸ், அதாவது மிகத் தாழ்ந்த ஒலி. கைக்கு அடக்கமான ஸ்பீக்கர் அந்தப் பக்கமே போகாது. மெட்டு காணாமல் போய், கிட்டாரின் டக் டக் மட்டும் மிஞ்சும். பேஸ் பூஸ்ட் (அடி ஒலியை ஏற்றும் வசதி) போட்டாலும் கெடும்: பேஸ் கொழகொழத்து, ஸ்வரங்களுக்கு நடுவே இருக்கிற மௌனத்தை மூடிவிடும். சுமாரான ஹெட்ஃபோன், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை அணைத்துவிடுதல், மிதமான வால்யூம். இது போதும். ஷஃபிளிலும் விடாதீர்கள். இரைச்சலான இன்றைய பாடலுக்கு அடுத்து இது வந்தால் ஏதோ டெமோ டேப் என்றே தோன்றும்.

அலிசன் பாடுவது பக்கத்து அறையில் வேலை செய்துகொண்டே முணுமுணுப்பதைப் போல இருக்கும். குரலில் நடுக்கமில்லை, நாடகமில்லை. சில இடங்களில் சுருதி லேசாக நழுவுகிறது. அதைத் திருத்தாமல் விட்டதே நல்லது. ‘கிரெடிட் இன் தி ஸ்ட்ரெய்ட் வேர்ல்ட்’ பாடலை 1994இல் அமெரிக்க ராக் குழுவான ஹோல் அலறலாக மாற்றிப் பாடியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், பாடலின் எலும்புக்கூடு எவ்வளவு உறுதியானது என்று தெரியும். அந்த அலறலைத் தாங்குகிறதே!

குறையும் உண்டு. ஆர்கனை வைத்து ஓட்டுகிற ‘தி டாக்ஸி’ நல்ல யோசனைதான், ஆனால் மூன்றாவதாகவே வந்து சூட்டைத் தணித்துவிடுகிறது. அதே நாலு ஒலிகளே திரும்பத் திரும்ப வருவதால் பத்தாவது பாடலுக்கு மேல் கவனம் கொஞ்சம் சோர்கிறது. ‘பிராண்ட் நியூ லைஃப்’ வந்துதான் மறுபடி நிமிர வைக்கிறது. கிட்டார் சோலோவும் ஏறி இறங்கும் கிளைமாக்ஸும் எதிர்பார்க்கிறவர்களுக்கு இந்த ஆல்பம் சரிப்படாது.

வாங்குவதானால் டாமினோ லேபிள் 2007இல் கொண்டுவந்த சிடி தொகுப்பைத் தேடுங்கள். ஆல்பத்தில் இல்லாத ‘ஃபைனல் டே’ அதில் இருக்கிறது. அணுகுண்டு விழும் நாளைப் பற்றிய பாட்டு, இரண்டு நிமிடம்கூட இல்லை. பின்னால் ஒரே ஸ்வரம் விடாமல் இழைந்துகொண்டே இருக்கும். பழைய வினைல் பிரதி கிடைத்தால் கீறலைப் பார்த்து வாங்குங்கள். இரைச்சலான ராக் தட்டில் மறைந்துபோகிற ஒவ்வொரு ‘கிரக்’கும் இதில் பளிச்சென்று கேட்கும்.