கண்டிக்கோட்டையில் சொந்த டென்டா, வாடகை டென்டா?

பெங்களூர் அல்சூரிலிருந்து கண்டிக்கோட்டைக்கு இதுவரை இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் முறை ஜனவரியில், அங்கேயே கிடைத்த வாடகை டென்டில் தங்கினோம். இரண்டாவது முறை நவம்பரில், சொந்த டென்டை எடுத்துக்கொண்டு போனோம். இனி எப்போது போனாலும் சொந்த டென்ட்தான். காரணம் பணம் இல்லை, காற்று.

இடம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகுக்குப் பக்கத்தில், எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணையாறு அறுத்துக்கொண்டு போகும் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கும் பழைய கோட்டை இது. தெலுங்கில் கண்டி என்றால் மலையிடுக்கு. பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டர். பாகேபள்ளி, கதிரி, புலிவெந்துலா வழியாகப் போனோம். சிக்கபள்ளாபூருக்கு முன்னால் இடப்பக்கம் நந்தி மலை தெரியும். கண்டிக்கோட்டையில் நாம் பார்க்கப்போகும் பெண்ணையும், திருக்கோவிலூர் வழியே ஓடும் நம் தென்பெண்ணையும் அந்த மலைப் பக்கத்தில்தான் பிறக்கின்றன. எனக்கு அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடும்.

வயதானவர்களோ கைக்குழந்தையோ உடன் வந்தால் யோசிக்கவே வேண்டாம், சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதியில் அறை எடுத்துவிடுங்கள். செலவையும் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வாடகை டென்டுக்கு ஒரு இரவுக்கு 1,200 ரூபாய் கொடுத்தோம். சொந்த டென்ட் 4,500 ரூபாய். நாலு இரவு தூங்கினால் கணக்கு நேராகிவிடும்.

இப்போது காற்றுக்கு வருகிறேன். வாடகை டென்டில் பெரிய வசதி, போனதும் தயாராக நிற்கும். அதுவேதான் அதன் குறையும்கூட. எங்களுக்குக் கொடுத்த டென்டைக் காட்சிக்காக விளிம்பைப் பார்த்த மாதிரி, மறைப்பே இல்லாத மேட்டில் நட்டிருந்தார்கள். மாலையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்கின் பக்கமிருந்து காற்று எழும்பியது. துணி படபடவென்று அடித்ததில், பக்கத்தில் படுத்திருந்த மனைவி பேசுவது எனக்குக் கேட்கவில்லை. இரண்டு மணிக்கு ஒரு பக்கக் கம்பி வளைந்து முகத்தின் மேல் வந்து படிந்தது. அப்புறம் விடியும் வரை மாற்றி மாற்றிக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

கோளாறு எங்கே என்று காலையில்தான் புரிந்தது. அங்கே தரை மண் இல்லை, பாறை. நிலவியலாளர்கள் அதைக் கண்டிக்கோட்டை குவார்ட்சைட் என்றே சொல்கிறார்கள். மணற்கல் இறுகிய பாறை, அவ்வளவு கெட்டி. டென்ட் கயிற்றைக் கட்ட அடிக்கும் முளை இரண்டு அங்குலம்கூட இறங்கியிருக்கவில்லை. ஒரு மூலையில் கயிறே கட்டவில்லை.

நவம்பரில் போனபோது, கோட்டைக்கு வெளியே ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவரிடம் முதலில் கேட்டோம். நான் காட்டிய இடத்தைப் பார்த்ததும், "காலி எக்குவ, அக்கட வத்து" என்றார். நமக்குக் காலி என்றால் வெறுமை, அவர்களுக்குக் காற்று. அங்கே காற்று அதிகம், வேண்டாம் என்கிறார். விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, ஆள் உயரப் பாறை ஒன்றின் பின்னால் ஒரு சமதளத்தைக் காட்டினார். இப்படி இடத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் வாடகை டென்டில் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

முளையை நம்பவே இல்லை. எங்கள் டென்ட், கம்பியைக் கோத்தாலே தானாக நிற்கும் குவிமாட வகை. பாறைத் தரைக்கு இதைத்தான் வாங்க வேண்டும். முதலில் பைகளையும் தண்ணீர் கேனையும் உள்ளே வைத்தோம், பறக்காமல் இருக்க. பிறகு ஒவ்வொரு கயிற்றின் நுனியையும் தேங்காய் அளவுள்ள ஒரு கல்லில் சுற்றிக் கட்டி, கயிறு போகும் பக்கமாக அதன் முன்னால் ஒரு பெரிய கல்லை வைத்தோம். கயிறு இழுக்க இழுக்கச் சின்னக் கல் பெரிய கல்லில் போய் முட்டிக்கொள்ளும், நகராது. வாசலைக் காற்றுக்கு முதுகு காட்டும்படி வைத்தோம். அன்றும் காற்று அடித்தது. ஆனால் தூங்கினோம்.

சொந்த டென்டுக்கு வேலை இருக்கிறது, மறைக்கவில்லை. தண்ணீர், சாப்பாடு, குப்பைப் பை எல்லாம் நம் பொறுப்பு. ஜம்மலமடுகிலேயே 20 லிட்டர் கேன் வாங்கிவிடுங்கள். கழிப்பறைக்கு நாங்கள் இருட்டுவதற்குள் போய் வந்தோம். நாங்கள் இருந்த பக்கம் விளிம்பில் தடுப்பு இல்லை என்பதால், இருட்டிய பின் டார்ச் இருந்தாலும் அந்தப் பக்கம் போவதில்லை என்று பேசிவைத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்ததும் ஜிப்பில் ஏறிய மணலைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டி, இரண்டு நாள் பால்கனியில் உலர்த்தித்தான் மடித்தேன். பெங்களூர் மழைக்காலத்தில் ஈரத்தோடு மடித்துவைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

என் அனுபவம் இரண்டு இரவுதான், இரண்டும் குளிர் மாதங்களில். மழையில் அந்தப் பாறையில் தங்கியதில்லை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் அது. அப்போது போக எனக்குத் துணிச்சல் இல்லை. வேறு யாராவது வாடகைக்குக் கொடுக்கும் டென்ட் நன்றாகவே நிற்கலாம். வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன் நாலு மூலையிலும் கயிறு இருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் நாங்கள் மறுபடி போகிறோம். கூடுதலாக இருபது மீட்டர் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன்.