ஒப்ரா டின்: இரண்டு தரம் ஏறின கப்பல்

மட்டக்களப்பிலிருந்து மச்சான் வட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "ஒப்ரா டின் விலை குறைஞ்சிருக்கு, நீ விளையாடினதுதானே, வாங்கலாமா?" ஒரு கப்பலில் இருந்த 60 பேருக்கும் என்ன நடந்தது என்று துப்பறியும் கம்ப்யூட்டர் கேம் அது. ஆமா, இல்லை என்று ஒரு வரியில் அனுப்பத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

முதலில் லப்டொப் கதை. திருகோணமலை உப்புவெளியில் கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்தால் எந்த மின்சாமானும் கனகாலம் முழுசாக நிற்காது. உப்புக்காற்று எங்கள் வீட்டில் முதலில் தின்றது லப்டொப்பின் ஸ்பேஸ் பாரை. பொங்கலுக்கு முன் கீபோட் மாற்றக் கொடுத்தேன். கீபோட் அருமையாக மாற்றியிருந்தார்கள். கூடவே, நான் கேட்காமலே, விண்டோஸையும் புதிதாகப் போட்டுத் தந்திருந்தார்கள். "உங்களிட்டக் கேட்டனாங்கள்தானே" என்றார் கடைப் பெடியன். கேட்டிருக்கலாம், நான் பராக்கில் "ஓம்" சொல்லியிருக்கலாம். கிளவுட் சேமிப்பை டேட்டா மிச்சம் பிடிக்க நிறுத்தி வைத்ததும் நான்தான். ஆக, கேம் சேவ் அழிந்து, 60 பேரில் 48 பேரின் கதையை முடித்து வைத்திருந்த என் கப்பல் சத்தமில்லாமல் தாண்டது. அந்தப் பக்கம் போனால் இப்போதும் கடையைப் பார்க்காமல் மற்றப் பக்கம் திரும்பித்தான் நடக்கிறேன்.

கேம் 2018இல் வந்தது, லூகாஸ் போப் செய்தது, கறுப்பும் வெள்ளையும் மட்டும். இதெல்லாம் உனக்குத் தெரியும், மச்சான். நான் சொல்ல வந்தது அதில் நாம் யார் என்பது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குப்பிள்ளை! 1802இல் லண்டனை விட்டுப் போன கப்பல் 1807இல் உயிரோடு ஒருவரும் இல்லாமல் ஃபால்மத்துக்கு மிதந்து வருகிறது. காப்புறுதிக் கணக்கு முடிக்க நாம் ஏறுகிறோம். அதே 1802இல்தான் இலங்கை கம்பெனியின் கையைவிட்டு நேரே பிரிட்டிஷ் முடிக்குப் போனது. கம்பெனிக்காரனாக நடிக்கும்போது திருகோணமலைக்காரனுக்கு உள்ளுக்குள் ஒரு கடி இருக்கத்தான் செய்யும். எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு பாய்க்கப்பல் இருக்கிறது. 1817இல் பம்பாயில் தேக்கில் கட்டி இறக்கியது, இன்றைக்கு இங்கிலாந்தில் ஹார்ட்லிபூலில் காட்சிக்கு நிற்கிறது. ஒப்ரா டின்னின் மேல்தளத்தில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பல்தான் நினைவு.

பிணத்துக்குப் பக்கத்தில் நின்று பொக்கற் கடிகாரத்தைத் திறந்தால், அந்த ஆள் சாகிறதுக்கு முந்திய சில நொடிகளின் சத்தம் இருட்டில் கேட்கும். பிறகு அந்தக் கணம் அப்படியே உறைந்து நிற்க, நாம் அதற்குள் நடக்கலாம். தெறித்த மரச்சிராய் ஆகாயத்தில் நிற்கும். வாய் திறந்தபடி ஒருவன். அவனுக்குப் பின்னால், கதவிடுக்கில், இதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொருவன். நாலு மணித்தியாலம் கழித்துத்தான் விளங்கும், பார்க்க வேண்டியவன் அந்தக் கதவிடுக்குக்காரன்தான் என்று. எங்கும் அம்புக்குறி இல்லை, "இதைக் கவனி" என்று மினுக்கம் இல்லை. யார், எப்படிச் செத்தான், யார் கையால்: மூன்றையும் நாமே கொப்பியில் நிரப்ப வேண்டும்.

எரிச்சலும் அந்தக் கொப்பியிலேயே இருக்கிறது. மூன்று பேரின் விதி சரியாக விழுந்தால்தான் கேம் "சரி" என்று ஒப்புக்கொண்டு அச்செழுத்தில் பதியும். குருட்டாம்போக்கில் நிரப்பக் கூடாதென்று வைத்த பூட்டு. ஆனால் இரண்டு பேர் நிச்சயம் என்றால், மூன்றாவது ஆளுக்குப் பெயரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதை யார் தடுப்பது? நான் செய்தேன். வெட்கமில்லாமல் செய்தேன். பாய்மரத்தில் வேலை செய்யும் நாலு சீனர்கள் இருக்கிறார்கள். நாலு பெயரை நாலு முகத்துக்கு வைக்க 24 வழி. முதல் தரம் நான் கண்டுபிடிக்கவில்லை, சுத்திச் சுத்திப் போட்டுப் பிடித்தேன். உடனே அதே இசை, அதே அச்செழுத்து, அதே மரியாதை. மூளையைக் கசக்கிக் கண்டதையும் லொத்தரில் விழுந்ததையும் இந்தக் கேம் ஒரே மாதிரி அச்சடிக்கிறது. இவ்வளவு நுணுக்கமாகச் செய்தவனுக்கு இந்த வித்தியாசம் படவில்லையா? இரண்டு வருடமாக இதுதான் எனக்கு முள்.

இன்னொன்று, உச்சரிப்பு. இவன் ஐரிஷ்காரன், அவன் ஸ்கொட்லாந்துக்காரன் என்பதைச் சில இடத்தில் குரலிலிருந்து பிடிக்க வேண்டியிருக்கும். யாழ்ப்பாணத்தான் வாயைத் திறந்தால் எனக்குத் தெரியும், மட்டக்களப்பான் "மனே" என்றாலே தெரியும். ஸ்கொட்லாந்துக்காரனை நான் எங்கே கேட்டேன்?

நீ உடனே எல்.ஏ. நுவார் என்ற பொலிஸ் துப்பறியும் கேமைத் தூக்கிக்கொண்டு வருவாய், தெரியும். 2011இல் 32 கமெரா சுத்தி வைத்து நடிகர்களின் முகத்தை எடுத்தார்கள், பொய் சொல்கிறவனின் கண் ஓடுவது தெரியும், சரி. ஆனால் நீ தெரிவு செய்த பதில் சரியா பிழையா என்று அந்த இடத்திலேயே ஒரு மெட்டு வாசித்துச் சொல்லிவிடும். "சந்தேகம்" என்று மெதுவாக அமத்தினால் நாம் ஆட்டுவிக்கும் துப்பறிவாளன் கோல் ஃபெல்ப்ஸ் கிழவியைப் பிடித்துக் கத்துவான். 2017இல் திரும்ப வெளியிட்டபோது அந்தத் தெரிவுகளின் பெயர்களையே மாற்றினார்கள். ஆனாலும் அதன் கொலைப்பிரிவு வழக்குகள் என் மனசை விட்டுப் போகவில்லை. தங்க வண்ணத்துப்பூச்சி வழக்கில் சந்தேகப்பட இரண்டு பேர், யாரை உள்ளே தள்ளினாலும் பிழை. ஒவ்வொரு வழக்கிலும் ஒருத்தனைப் பிடித்துக் கொடுத்து நட்சத்திரமும் வாங்கின பிறகு, ஒருத்தனும் கொலைகாரன் இல்லை என்கிறது கேம். அந்தக் கதை தொங்குவது எலிசபெத் ஷோர்ட் கொலையில். 1947 தையில் நிஜமாகவே நடந்தது, இன்றைக்கும் ஆள் பிடிபடவில்லை. அங்கே கேம் என்னைக் குற்றவாளி ஆக்கியது. ஒப்ரா டின்னில் என் கள்ளத்தனத்தைக் கேம் கண்டுகொள்ளவே இல்லை. எது மோசம் என்று சொல்லத் தெரியவில்லை.

(சாட்சிக்கூண்டில் கிளியைக் குறுக்கு விசாரணை செய்யும் ஏஸ் அட்டோர்னி கேமை இந்தப் பேச்சில் சேர்க்காதே. அது வேற ரகச் சந்தோஷம்.)

சரி, சேவ் போய்விட்டது. திரும்ப முதலில் இருந்து ஏறினேன். பாதி விடை மனப்பாடம். துப்பறிகிறவன் இல்லை, விடைத்தாளைப் பார்த்து எழுதுகிறவன். சலிப்பு. அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா வந்தார். முப்பது வருடம் எங்கள் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர், இங்கிலிஷ் வாசிக்க மாட்டார். பக்கத்தில் கதிரையைப் போட்டார். கப்பலைச் சுத்திக்கொண்டு பெரிய பெரிய கைகள் கிளம்பின கட்டத்தில், "கணவாய் இவ்வளவு பெருசா வளருமே" என்று சிரித்தார். பிறகு ஆட்கள் தூங்கும் தளம் வந்தது. வரிசையாகத் தொங்கும் படுக்கைகள்.

"தம்பி, நில்லு. அந்த நம்பர் என்ன?"

ஒவ்வொரு படுக்கையிலும் சின்னதாக இலக்கம் தொங்கியது. கப்பலாட்கள் பட்டியலிலும் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் இலக்கம். நான் எத்தனை தரம் அதைக் கடந்து போயிருக்கிறேன்! "கப்பல்ல ஆள் மாறும், படுக்கை மாறாது. முகத்தைப் பாக்காத, காலைப் பார்." படுக்கைகளுக்கு வெளியே கால்கள் நீட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றிலும் வேற வேற காலணி. நாலு சீனர்களையும் அன்றிரவு கால்களைக் கொண்டே பெயர் சொன்னோம். 24 வழியும் தேவைப்படவில்லை. அச்செழுத்து விழுந்தது, அதே இசை. இந்த முறை பெரியப்பா மேசையில் தட்டினார்.

அவர் இப்போது பின்னேரத் தேத்தண்ணி முடிந்தால் சரியாக வந்துவிடுகிறார். எனக்குத் தெரிந்த விடையைச் சொல்ல விடுவதில்லை. "வாயைப் பொத்து, நான் பாக்கிறன்" என்பார். முதல் தரம் நான் அவசரத்தில் தாண்டின ஏழெட்டு ஆட்களை அவர் பிடித்திருக்கிறார். கடைக்காரப் பெடியனுக்கு நன்றி சொல்லவேண்டி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, சொல்லமாட்டேன்.

நேற்று ஓர் ஐரிஷ்காரனில் மாட்டி, இரண்டு பேரும் ஒருமணித்தியாலம் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். கரண்ட் போனதுதான் மிச்சம். அந்தக் கோபத்தில் கேட்டால் 5க்கு 2. ஒருமுறை முடிந்தால் திரும்ப விளையாட ஒன்றும் இல்லை, தமிழ் இல்லை, காது வேண்டும், ஊகிக்கிறவனுக்கும் அதே மாலை.

மச்சான், தள்ளுபடி முடிய முதல் வாங்கு. வாங்கின பிறகு எனக்குக் கோல் எடுக்காதே, பெரியப்பாவுக்கு எடு.